எழுத்துகளாக வந்த சாட்சிகள்: அகாயேசு வழக்கும் ஓர் ஆவணப்படமும்

1997ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தான்சானியாவின் அருஷா நகரில் ஒரு மாநாட்டு மையத்தின் அறைகளை நீதிமன்றமாக மாற்றிக்கொண்டு, ருவாண்டாவுக்கான ஐ.நா. பன்னாட்டுக் குற்றவியல் தீர்ப்பாயம் தன் முதல் விசாரணையை நடத்திக்கொண்டிருந்தது. ஆவணங்களில் 'ஜே' என்ற ஒற்றை எழுத்தால் மட்டும் குறிக்கப்படும் ஒரு துட்சிப் பெண் அங்கே சாட்சி சொல்ல வந்தார். 1994இல் ருவாண்டாவில் துட்சி மக்கள்மீது நடந்த கொலைகளைப் பற்றிக் கேட்பதற்காகத்தான் அவரை அழைத்திருந்தார்கள். தன் ஆறு வயது மகளை, படுகொலையை நடத்திய இன்டரஹாம்வே ஆயுதக் கும்பலின் ஆட்கள் மூவர் வன்புணர்ந்ததையும் அவர் சொன்னார். எதிரே இருந்த ஜான் பால் அகாயேசு என்ற முன்னாள் உள்ளாட்சித் தலைவர் மீது அப்போது பன்னிரண்டு குற்றச்சாட்டுகள் இருந்தன. வன்புணர்வு என்ற சொல் அவற்றில் எங்குமே இல்லை. நீதிபதிகளின் இருக்கையிலிருந்து கேள்வி வந்தபோது, கொம்யூன் எனப்படும் உள்ளாட்சிப் பிரிவின் அலுவலகத்தில் இளம்பெண்கள் வன்புணரப்பட்டதாகத் தான் கேள்விப்பட்டதையும் அந்தப் பெண் சேர்த்துச் சொன்னார். தீர்ப்பின் ஏட்டில் இது 'அமர்வு கேட்டதன் பேரில்' என்று ஒரு தொடராக மட்டுமே நிற்கிறது. வழக்கு திசை திரும்பியது அங்கேதான்.

அமர்வில் இருந்தவர்கள் மூவர். செனகலைச் சேர்ந்த லாய்ட்டி காமா தலைமை வகித்தார். ஸ்வீடனின் லென்னார்ட் ஆஸ்பெக்ரென் ஒருவர். தென்னாப்பிரிக்காவின் நவநீதம் பிள்ளை இன்னொருவர். மூவரில் பெண் அவர் ஒருவரே. டர்பனில் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகளாகத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர், இனஒதுக்கல் உச்சத்தில் இருந்த 1967இல் நட்டால் மாகாணத்தில் சொந்தமாக வழக்குரைஞர் அலுவலகம் திறந்த முதல் வெள்ளையரல்லாத பெண். பின்னாளில் ஐ.நா. மனித உரிமைகள் உயர் ஆணையராக 2013இல் இலங்கைக்கு வந்தபோதுதான் தமிழ் வாசகர்களில் பெரும்பாலோருக்கு நவி பிள்ளை என்ற பெயர் அறிமுகமாயிற்று. சட்ட வரலாற்றில் அவர் பெயர் அழுத்தமாகப் பதிந்ததோ பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, அருஷாவில்.

இந்த வழக்கைப் பற்றிய ஆவணப்படம் 'தி அன்கண்டெம்ட்'. மிஷெல் மிட்செல், நிக் லூவெல் இருவரும் இயக்கிய இப்படம் 2015இல் வெளிவந்தது. முதல் திரையிடலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது லூவெல் கார் விபத்தில் இறந்துபோனார். வழக்கை நடத்திய இளம் வழக்குரைஞர்களையும், அதற்கு வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்த செயற்பாட்டாளர்களையும், ருவாண்டாவின் மலைச் சிற்றூர்களிலிருந்து விமானமேறி வந்து சாட்சி சொன்ன பெண்களையும் படம் ஒரே கதையாகப் பின்னுகிறது. அப்படத்தையும் 1998ஆம் ஆண்டின் தீர்ப்பையும் ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் படித்தால் என்ன தெரிகிறது என்பதே இங்கே என் கேள்வி. ருவாண்டாப் பெண்கள் வன்புணர்வைப் பற்றிப் பேசமாட்டார்கள் என்று அந்நாட்களில் பலரும் சொன்னார்கள். அவர்களிடம் யார், எப்போது, எந்தச் சொல்லால் கேட்டார்கள் என்பதைத் தொடர்ந்து போனால் அந்தப் பேச்சின் நிறம் மாறிவிடுகிறது.

தாபா

தாபா, அன்றைய கிதராமா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு கொம்யூன். நம் ஊர் வழக்கில் ஒரு ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒப்பிடலாம். ஆனால் அதன் தலைவருக்கு, 'பூர்க்மேஸ்த்ரு' என்ற பிரெஞ்சுப் பெயர் கொண்ட பதவியில் இருந்தவருக்கு, நம் ஒன்றியத் தலைவரைவிடப் பன்மடங்கு அதிகாரம் இருந்தது. கொம்யூன் காவலர்கள் அவர் கையில் இருந்தார்கள். ஊர்ப் பஞ்சாயத்துகளில் அவர் சொல்லே முடிவு. ஜான் பால் அகாயேசு 1993 ஏப்ரலில் அப்பதவிக்கு வந்தார். ஆசிரியராக இருந்து பள்ளி ஆய்வாளராக உயர்ந்தவர், ஐந்து பிள்ளைகளின் தந்தை, எம்.டி.ஆர். (ஜனநாயகக் குடியரசு இயக்கம்) என்ற அரசியல் கட்சியின் உள்ளூர்த் தலைவர், மக்களிடம் மதிப்புள்ளவர்.

1994 ஏப்ரல் 6 இரவு ருவாண்டா அதிபரின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, மறுநாளே துட்சி மக்களின் படுகொலை தொடங்கியபோது, அகாயேசு முதலில் அதைத் தன் எல்லைக்குள் வரவிடாமல் தடுக்க முயன்றார் என்பதைத் தீர்ப்பே ஏற்றுக்கொள்கிறது. ஏப்ரல் 18ஆம் தேதி இடைக்கால அரசின் பிரதமர் ஜான் கம்பாண்டா மாநிலத்தின் பூர்க்மேஸ்த்ருகளைக் கூட்டிப் பேசினார். அதற்குப் பிறகு இவர் வேறு ஆள். மறுநாள் காலை கிஷேஷே என்ற இடத்தில் திரண்டிருந்த கூட்டத்திடம் 'பொது எதிரியை' ஒழிக்கும்படி பேசினார். அந்தச் சொல் துட்சிகளைக் குறித்தது என்பதில் கேட்டவர் யாருக்கும் ஐயமில்லை. குற்றப்பத்திரிகையின்படி ஜூன் முடிவதற்குள் தாபாவில் குறைந்தது 2,000 துட்சிகள் கொல்லப்பட்டார்கள். நாடு முழுவதும் நூறு நாட்களில் எட்டு லட்சம் பேருக்கும் மேல்.

வீடு எரிந்து, கணவனையும் பிள்ளைகளையும் இழந்த பெண்கள் அடைக்கலம் தேடி ஓடியது கொம்யூன் அலுவலகத்துக்கு. அரசு அலுவலகத்தின் வாசலில் கிடந்தால் காப்பாற்றுவார்கள் என்ற எண்ணம். இந்த வழக்கில் என்னைத் திரும்பத் திரும்ப நிறுத்தும் இடம் 'ஜே ஜே' என்ற சாட்சியின் வாக்குமூலம். ஓட்டத்திலும் அடியிலும் களைத்துப்போன பெண்கள் பத்துப் பேரளவில் ஒரு கட்டத்தில் அகாயேசுவிடமே போய், தங்களைச் சுட்டுக் கொன்றுவிடும்படி கேட்டார்கள். குண்டுகள் தீர்ந்துவிட்டன என்றும், கிதராமாவில் கேட்டுப் பார்த்ததாகவும், இன்னும் வரவில்லை என்றும் அவர் பதில் சொன்னார். இருந்தாலும் அவற்றை உங்கள்மேல் வீணாக்கமாட்டோம் என்றார். பிறகு காவலர்களைக் கூப்பிட்டு அவர்களை விரட்டச் சொன்னார். வாசலில் நிற்கும் மனுதாரரிடம் கையிருப்பு இல்லை, வந்ததும் பார்க்கலாம் என்று அலுவலர் சொல்லும் அதே குரல்.

அலுவலக வளாகத்துக்குள்ளேயே ஒரு கலாசார நிலையம் இருந்தது. பெண்களை இன்டரஹாம்வே ஆட்கள் அங்கேதான் இழுத்துச் சென்றார்கள். இரண்டாவது முறை தன்னையும் மற்றவர்களையும் கொண்டு சென்றபோது அகாயேசு நுழைவாயிலில் நின்றுகொண்டு, துட்சிப் பெண்ணின் ருசி எப்படி என்று இனிமேல் என்னிடம் கேட்காதீர்கள் என்று உரக்கச் சொன்னதாகவும், நாளை இவர்கள் கொல்லப்படுவார்கள் என்று சேர்த்துச் சொன்னதாகவும் ஜே ஜே சாட்சியம் அளித்தார். ஆட்டக்காரனை உற்சாகப்படுத்துகிறவர் பேசுவதுபோல அந்தப் பேச்சு இருந்தது என்பது அவர் கொடுத்த உவமை. எத்தனை முறை தனக்கு அது நேர்ந்தது என்று அவரால் எண்ணிச் சொல்ல முடியவில்லை. அகாயேசு தன் கையால் எவரையும் வன்புணர்ந்ததைத் தான் பார்க்கவில்லை என்பதையும் அவரே மறைக்காமல் சொன்னார். தடுக்க அவரால் முடிந்தது, தடுக்கவில்லை என்றார். குறுக்கு விசாரணையில் சாட்சியின் நம்பகத்தன்மையைத் தேடுகிறவர்கள் இந்த ஒரு பதிலைப் படித்தாலே போதும்.

குற்றப்பத்திரிகையில் இல்லாதது

அகாயேசு 1995 அக்டோபரில் சாம்பியாவில் பிடிபட்டார். 1996 பிப்ரவரியில் குற்றப்பத்திரிகை உறுதிசெய்யப்பட்டது. மே மாதம் அவர் அருஷாவுக்குக் கொண்டுவரப்பட்டார். ருவாண்டா குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ரெனே தெக்னி-செகி அதே 1996 ஜனவரியில் அளித்த அறிக்கையில், அங்கே வன்புணர்வுதான் விதியாகவும் அது நிகழாதிருந்ததே விலக்காகவும் இருந்தது என்று எழுதிவிட்டார். பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை இருக்கலாம் என்ற மதிப்பீடு அந்த அறிக்கையோடு தொடர்புடையது. செப்டம்பரில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்புக்காகக் கென்ய வழக்குரைஞர் பினைஃபர் நவ்ரோஜி எழுதிய அறிக்கை, தாபா உள்ளிட்ட பல இடங்களின் பெண்களிடம் நேரில் பேசி எடுத்த சாட்சியங்களோடு வெளிவந்தது. ருவாண்டா அரசுகூட அவ்வாண்டு இயற்றிய இனப்படுகொலைச் சட்டத்தில், உள்நாட்டுப் பெண்கள் அமைப்புகளின் வற்புறுத்தலால், பாலியல் சித்திரவதையை மிகக் கடுமையான முதல் வகைக் குற்றங்களோடு சேர்த்துவிட்டது. தீர்ப்பாயத்தின் வழக்குத்தொடுநர் அலுவலகத்துக்கு மட்டும் அது எட்டவில்லை. ஆப்பிரிக்கப் பெண்கள் இதைப் பற்றிப் பேச விரும்பமாட்டார்கள், எங்களுக்கு முறையான புகார்கள் வரவில்லை என்பதே அந்த அலுவலகத்தின் உயர்நிலையிலிருந்து வந்த விளக்கம்.

புகார் எப்படி வரும்? கிகாலியில் அந்த அலுவலகம் அப்போது ஒரு விடுதிக் கட்டடத்தில் இயங்கிக்கொண்டிருந்தது. நிர்வாகம் சீர்கெட்டிருப்பதை 1997 பிப்ரவரியில் ஐ.நா.வின் உள்தணிக்கை அறிக்கையே பட்டவர்த்தனமாகச் சொன்னது. புலனாய்வாளர்கள் பெரும்பாலும் ஆண்கள். உன் வீட்டில் யார் யார் கொல்லப்பட்டார்கள், யார் கொன்றார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனவர்களிடம் அதற்கு மேல் ஒரு பெண் தானாக என்ன சொல்லியிருக்க முடியும்? 1996இல் ஆலோசகராகத் தாபாவுக்கு அனுப்பப்பட்ட அமெரிக்கச் சட்டத்துறையாளர் லிசா புரூயிட், அங்குள்ள பெண்களிடம் பேசி, பாலியல் வன்முறைக்கான சான்றுகள் இருப்பதைக் குறிப்பாக எழுதிக் கொடுத்தார். அந்தக் குறிப்பு அப்போது ஓரமாக வைக்கப்பட்டது. படத்தின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று இந்தக் குறிப்பின் கதை. கொலைகாரர்களோ வீரர்களோ இல்லாத, ஒரு கோப்பு அலமாரிக்குள் போய்த் திரும்பி வரும் கதை. அலுவலக வாழ்க்கை தெரிந்த எவருக்கும் அது புரியும்.

தாபாவிலேயே வேறொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. சமூகப் பணியாளரான கொடலீவ் முகசரசி, படுகொலை முடிந்த அதே 1994இன் கடைசியில் ஊரின் கைம்பெண்களையும் அநாதைப் பிள்ளைகளையும் ஒன்றுசேர்த்து ஓர் அமைப்பைத் தொடங்கியிருந்தார். இந்தப் பெண்கள் தீர்ப்பாயத்தைக் கண்டு பேசத் தொடங்குவதற்கு முன் தங்களுக்குள் பேசிக்கொண்டது அங்கேதான். அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. புலனாய்வாளர்களோடு பேசியதை அடுத்து, 1996இன் இறுதியில் ஆயுதம் தாங்கியவர்கள் நடத்திய தாக்குதலில் அவருடைய கணவரும் மகளும் கொல்லப்பட்டார்கள். அருஷாவின் விசாரணை தொடங்க அப்போது சில வாரங்களே இருந்தன. சாட்சிகளை எழுத்துகளால் குறித்ததும், பார்வையாளர் கண்ணில் படாமல் திரையிட்டு மறைத்ததும் வெறும் சம்பிரதாயம் என்று எண்ணுகிறவர்கள் இந்தத் தேதிகளை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஜேயை அடுத்து 'எச்' என்ற சாட்சி வந்தார். தான் ஒரு சோளக்காட்டில் வன்புணரப்பட்டதையும், கொம்யூன் அலுவலகத்தை ஒட்டி மற்றப் பெண்களுக்கு அது நேர்ந்ததைத் தன் கண்ணால் பார்த்ததையும் சொன்னார். அகாயேசுவுக்கு இது தெரியுமா என்று அமர்வு கேட்டபோது, தனக்குத் தெரியாது, ஆனால் அது நடந்தது அவருடைய அலுவலகத்தில், பெண்கள் அங்கே இருப்பது அவருக்குத் தெரியும் என்று பதில் வந்தது. இதற்குப் பிறகு வழக்குத்தொடுநர் தரப்பு விசாரணையை நிறுத்திவைக்கக் கோரி மறுபடியும் தாபாவுக்குப் போனது. லாஸ் ஏஞ்சலிஸில் கும்பல் கொலை வழக்குகளை நடத்திப் பழகிய பியர்-ரிஷார் புரோஸ்பர், சட்டக் கல்லூரியை விட்டு வெளிவந்து அதிக நாளாகாத சாரா தரேஷோரி ஆகியோர் வழக்கை நடத்திய இளையவர்கள். பாலியல் குற்றங்களுக்கான சட்ட ஆலோசகராகப் பட்ரீஷியா செல்லர்ஸ் இருந்தார். 1997 ஜூன் 17 அன்று குற்றப்பத்திரிகையில் மூன்று குற்றச்சாட்டுகள் சேர்க்கப்பட்டுப் பன்னிரண்டு பதினைந்தாயிற்று. அக்டோபரில் விசாரணை மீண்டும் தொடங்கியது.

இது வெளி அழுத்தத்துக்குப் பணிந்து சேர்த்த குற்றச்சாட்டு என்பது எதிர்த்தரப்பின் முக்கிய வாதம். பெண்கள் அமைப்புகள் நீதிமன்ற நண்பர்களாக மனு அளித்திருந்தது உண்மைதான். ஆனால் அமர்வு தன் தீர்ப்பில் இதற்கென்றே ஒரு பத்தியை ஒதுக்கி, திருத்தம் ஜே, எச் என்ற இரு சாட்சிகள் தாமாகச் சொன்னவற்றிலிருந்து பிறந்தது என்று பதிவு செய்தது. கூடவே, போர்க்குற்ற விசாரணைகளிலிருந்து வன்புணர்வு காலங்காலமாக விலக்கிவைக்கப்பட்டதைப் பற்றிய பொதுக் கவலையை அமைப்புகளின் அக்கறை காட்டுவதாகவும் குறித்துக்கொண்டது. 'தாமாக' என்ற அச்சொல்லில் எனக்குச் சிறு நெருடல் உண்டு. நீதிபதி கேட்காதிருந்தால் ஜேயின் பதில் கொம்யூன் அலுவலகம் வரை வந்திருக்காது. எதிர்த்தரப்பு ஜேயை எப்படி நடத்தியது என்பதையும் சொல்ல வேண்டும். குடும்பம் கொல்லப்பட்ட பின் கர்ப்பிணியாக ஒரு வாரம் மரத்தின்மேல் ஒளிந்திருந்ததாக அவர் சொன்னதை எடுத்துக்கொண்டு, இது மனநல மருத்துவர்களுக்குச் சுவையாக இருக்கலாம், நீதிக்கு இதனால் பயனில்லை என்று வாதிட்டது.

நான்கு சொற்கள்

சாட்சிகள் பேசியது கின்யருவாண்டா. அது முதலில் பிரெஞ்சுக்கும் அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் போயிற்று. நான்கு வெவ்வேறு வினைச்சொற்களைச் சாட்சிகள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்க, மொழிபெயர்ப்பாளர்கள் எல்லாவற்றையும் வன்புணர்வு என்றே பெயர்த்திருந்தார்கள். அமர்வு அதை அப்படியே விட்டுவிடாமல் மொழிபெயர்ப்பாளர்களை அழைத்து ஒவ்வொரு சொல்லின் பொருளையும் கேட்டுத் தீர்ப்பில் எழுதிவைத்தது. 'குசம்பான்யா' என்றால் ஒருவரைப் பிறன்மனை உறவிலோ கள்ள உறவிலோ ஈடுபடுத்துவது. 'குருங்கோரா' என்றால் பெண்ணோடு உடலுறவு கொள்வது. அவள் இசைந்தாளா இல்லையா என்பது அச்சொல்லுக்குள் இல்லை. 'குர்யாமானா' என்றால் ஒரே படுக்கையைப் பகிர்வது. நாம் 'கூடப் படுப்பது' என்று சொல்வதைப் போன்றது. 'குஃபாதா கு ங்குஃபு' என்ற தொடருக்கு மட்டும் பலவந்தமாக எடுத்துக்கொள்வது என்று பொருள். பொருளைப் பறிப்பதற்கும் அதுதான், பெண்ணைச் சிதைப்பதற்கும் அதுதான்.

இந்தப் பத்தியைத் தமிழில் படிக்கிறவருக்குத் தன் வீட்டுக் கதையைப் படிப்பதுபோல இருக்கும். நம் செய்தித்தாள்கள் பல்லாண்டுகளாகப் 'கற்பழிப்பு' என்றே எழுதிவந்தன. அந்தச் சொல்லில் குற்றவாளியின் வன்முறையைவிடப் பாதிக்கப்பட்டவள் இழந்ததாகக் கருதப்பட்ட ஒன்றே முன்னால் நிற்கிறது. ஈழத்து எழுத்தில் 'வல்லுறவு' என்றும், தமிழகத்தில் 'வன்புணர்வு', 'பாலியல் வன்கொடுமை' என்றும் மாறிவந்தது பெண்ணியவாதிகள் விடாமல் சண்டையிட்டதன் விளைவு. சட்டத்தின் பன்னாட்டு மொழியும் இந்தக் குறையிலிருந்து தப்பியதில்லை. 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா ஒப்பந்தம் பெண்களை அவர்களுடைய 'மானத்தின்' மீதான தாக்குதலிலிருந்து, குறிப்பாக வன்புணர்விலிருந்து, பாதுகாக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

இன்னும் பின்னால் போனால், பட்டினப்பாலையில் அம்பலத்தில் அந்தி விளக்கேற்றும் 'கொண்டி மகளிர்' வருகிறார்கள். கொண்டி என்றால் கொள்ளையிட்ட பொருள். பகைவர் நாட்டிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட பெண்கள் என்று உரை சொல்கிறது. வென்றவன் கொண்டுவந்த யானை, பொன், குதிரை வரிசையில் அவர்களும் ஒரு பொருள். அகாயேசு தீர்ப்பு வெளிவந்தபோது நவி பிள்ளை சொன்னது இந்தக் கணக்கை முடிப்பதைப் பற்றித்தான்: நினைவுக்கெட்டாத காலந்தொட்டுப் போரில் கிடைக்கும் கொள்ளையாக வன்புணர்வு கருதப்பட்டுவந்தது, இனி அது போர்க்குற்றம் என்றார்.

தீர்ப்பு சொன்னதும் சொல்லாததும்

1998 செப்டம்பர் 2ஆம் தேதி வந்த தீர்ப்பு, 1948ஆம் ஆண்டின் இனப்படுகொலை ஒப்பந்தத்தின் கீழான குற்றத்துக்குப் பன்னாட்டு நீதிமன்றம் ஒன்று விசாரணை நடத்தி வழங்கிய முதல் தண்டனைத் தீர்ப்பு. பதினைந்தில் ஒன்பது குற்றச்சாட்டுகளில் அகாயேசு குற்றவாளி. அக்டோபர் 2ஆம் தேதி ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வன்புணர்வுக்கு மட்டும் தனியாகப் பதினைந்து ஆண்டுகள். 2001 ஜூனில் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. தண்டனையை அனுபவிக்க மாலி நாட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

பன்னாட்டுச் சட்டத்தில் அதுவரை வன்புணர்வுக்கு வரையறை கிடையாது. உடலுறுப்புகளின் பட்டியலைப் போட அமர்வு மறுத்து, வற்புறுத்தல் நிலவும் சூழலில் ஒருவர் மீது நிகழ்த்தப்படும், பாலியல் தன்மை கொண்ட உடல் ஊடுருவல் என்று வரையறுத்தது. சித்திரவதையைப் போலவே இதுவும் அச்சுறுத்தவும் இழிவுபடுத்தவும் தண்டிக்கவும் அடக்கவும் ஒருவரை அழிக்கவும் பயன்படுகிறது என்பது அதன் காரணம். பாலியல் வன்முறைக்கு உடலைத் தொடுவதுகூடத் தேவையில்லை என்றும் சொன்னது. ஒரு மாணவியின் ஆடையைக் களையச் செய்து, கொம்யூன் அலுவலக முற்றத்தில் கூட்டத்தின் முன்னே உடற்பயிற்சி செய்ய வைத்ததை அதற்கு எடுத்துக்காட்டாக வைத்தது. அந்தப் பெண் இசைந்தாளா என்ற கேள்வியையே இந்த வரையறை தேவையற்றதாக்கியது. கத்தியும் கும்பலும் சுற்றி நிற்கும் இடத்தில் இசைவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

அகாயேசு தன் கையால் செய்யாததற்கு எப்படிப் பொறுப்பாவார் என்பதற்கும் தீர்ப்பு தெளிவான பதில் தந்தது. தன் அலுவலக வளாகத்தில், தான் இருக்கும்போதே இவை நடக்க அனுமதித்ததும், பதவியில் இருந்தபடி ஊக்க வார்த்தைகள் சொன்னதும், அரசு இதைப் பொறுத்துக்கொள்கிறது என்ற செய்தியைச் செய்தவர்களுக்குக் கொடுத்தன. அதற்கும் மேலே போய், துட்சி இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும்போது வன்புணர்வு இனப்படுகொலையாகவும் ஆகலாம் என்று தீர்ப்பு சொன்னது. அது துட்சிப் பெண்களைக் குறிவைத்த அழிப்பின் ஒரு படி, மன உறுதியையும் வாழும் விருப்பத்தையும் இறுதியில் உயிரையும் அழித்த ஒரு படி.

இப்படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அனைவரும், நவி பிள்ளையின் அந்தப் புகழ்பெற்ற வாக்கியமும்கூட, 'போர்க்குற்றம்' என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். தீர்ப்பின் நுணுக்கம் வேறு. போர்க்குற்றம் என்ற தலைப்பின் கீழ் வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகள் அனைத்திலிருந்தும், பாலியல் வன்முறைக்காகச் சேர்த்த பதினைந்தாவது குற்றச்சாட்டிலிருந்தும், அகாயேசு விடுவிக்கப்பட்டார். படைத்தரப்போடு அவருக்குத் தேவையான அளவு தொடர்பு நிறுவப்படவில்லை என்பது காரணம். அந்த நிபந்தனையே சட்டப்படி தவறு என்று மேல்முறையீட்டு அமர்வு பின்னர் சொன்னாலும் முடிவு மாறவில்லை. வன்புணர்வுக்கான தண்டனை வந்தது மானுடத்துக்கெதிரான குற்றம் என்ற தலைப்பில். இது வழக்குரைஞர்களின் மயிர்பிளக்கும் வாதம் என்று தோன்றலாம். ஆனால் போர்க்குற்றத்துக்கு ஒரு ஆயுத மோதலோடு தொடர்பு வேண்டும்; மானுடத்துக்கெதிரான குற்றத்துக்கு அது வேண்டாம், மக்கள்மீதான பரவலான அல்லது திட்டமிட்ட தாக்குதல் போதும். ஒரு பள்ளி ஆய்வாளர் தன் அலுவலக வாசலில் செய்ததைப் பிடிக்க இரண்டாவது வலைதான் பொருந்தியது.

'முதல்முறை' என்ற சொல்லையும் அளந்துதான் பயன்படுத்த வேண்டும். முதல் உலகப்போருக்குப் பின் 1919இல் அமைந்த பொறுப்பாய்வு ஆணையமே வன்புணர்வைப் போர்க்குற்றப் பட்டியலில் எழுதியிருந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரிக்க எழுதிய நூரம்பெர்க் சாசனம் அதைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. ஜப்பானியத் தலைவர்கள் மீதான டோக்கியோ விசாரணையிலோ சீனாவின் நாஞ்சிங் நகரத்தில் ஜப்பானியப் படை செய்த வன்புணர்வுகள் சான்றாக வந்தன. அகாயேசு தீர்ப்பில் புதியவை மானுடத்துக்கெதிரான குற்றமாக வன்புணர்வுக்குத் தண்டனை கிடைத்ததும், அது இனப்படுகொலையோடு இணைக்கப்பட்டதும்.

படமும் அதற்குப் பின்னும்

படம் ஒரு நீதிமன்றத் திகில் கதையின் விசையோடு நகர்கிறது. அனுபவமில்லாத இளம் வழக்குரைஞர்கள், பணமும் ஆளும் இல்லாத அலுவலகம், தொலைந்து கிடைக்கும் குறிப்பு, கடைசியில் தீர்ப்பு. இதனால் பார்க்கிறவர் கையில் வழக்கு வழுக்காமல் நிற்கிறது. நான் குறை சொல்லவரவில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கதையின் முதுகெலும்பாகிவிட, ஊர்ப் பெண்கள் அதில் தசையாக ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் அதே அமைப்பில் இருக்கிறது. பாலியல் வன்முறையைப் பற்றிய ஆவணப்படங்களில் அடிக்கடி காணும் ஒரு தவறை இவர்கள் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: நடந்ததை உடல் உடலாக விவரிக்கச் சொல்லி, அழும் முகத்தில் கேமராவை நிறுத்திவைத்து அதையே சான்று என்று நம்பும் தவறு. சாட்சி எப்படி உருவானது, யார் யாரோடு பேசித் துணிந்தார்கள், யார் முதலில் மறுத்தார்கள் என்பவற்றுக்கே இங்கே நேரம் ஒதுக்கப்படுகிறது.

படத்துக்கு வெளியே வரலாறு அவ்வளவு நேராகப் போகவில்லை. 1998 டிசம்பரிலேயே யூகோஸ்லாவியாவுக்கான தீர்ப்பாயம் உறுப்புகளை எண்ணும் பழைய வகை வரையறைக்குத் திரும்பியது. 2001இல் இசைவின்மையை நடுவில் வைக்கும் வரையறை வந்தது. அருஷாவில் அதே ஆண்டு, புத்தாரே பகுதியின் படுகொலைகள் குறித்த வழக்கில் ஒரு வன்புணர்வுச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தபோது நீதிபதிகள் சிரித்த செய்தி வெளியானது. சிரிப்பு வழக்குரைஞரின் கேள்விகளைப் பார்த்து, சாட்சியைப் பார்த்து அன்று என்று விளக்கம் தரப்பட்டது. அப்போது தீர்ப்பாயத்தின் தலைவர் நவி பிள்ளையேதான். 2015இல் மூடப்படும்வரை 93 பேர் மீது குற்றஞ்சாட்டிய தீர்ப்பாயத்தில், வன்புணர்வுக் குற்றச்சாட்டுகளில் பல குற்ற ஒப்புதல் பேரத்தில் கைவிடப்பட்டன அல்லது சான்றின்றி விழுந்தன. எச்.ஐ.வி. தொற்றிய உயிர்பிழைத்தவர்களின் நிலை இன்னும் கசப்பானது. ஐ.நா. காவலில் இருந்த குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்குக் கிடைத்த சிகிச்சை, அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்த பெண்களுக்கு ஆண்டுக்கணக்கில் கிடைக்கவில்லை.

இலங்கையின் இறுதிப்போர் குறித்து ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் 2015 செப்டம்பரில் வெளியிட்ட விசாரணை அறிக்கையிலும் காவலில் இருந்த ஆண்கள் பெண்கள் இருபாலர் மீதும் நடந்த பாலியல் வன்முறை பதிவாகியிருக்கிறது. அந்த விசாரணைக்கு 2014இல் ஆணை பிறந்தபோது உயர் ஆணையர் நவி பிள்ளை. அருஷாவில் ஜேயிடம் கேட்கப்பட்டதைப் போன்ற ஒரு கேள்வியை அந்தச் சாட்சிகளிடம் கேட்க இன்னும் ஒரு நீதிமன்றம் அமையவில்லை.

தீர்ப்பின் ஏட்டில் அப்பெண்கள் இன்றும் ஜே, எச், ஜே ஜே, என் என், ஓ ஓ. படத்தில் அவர்களில் மூவர் முகத்தை மறைக்காமல் அமர்ந்து, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு தங்கள் பெயர்களைத் தாங்களே சொல்கிறார்கள். இக்கட்டுரையில் அந்தப் பெயர்களை நான் எழுதவில்லை. அவற்றை எப்போது, யாரிடம் சொல்வது என்பதை அவர்கள் முடிவுசெய்து ஒரு கேமராவின் முன் சொன்னார்கள். அங்கே போய்க் கேட்பதுதான் முறை.